மூடியைத் திறந்து காட்டச் சொன்னவள்

கல்முனைக்குடியில் பஹ்மிதா என்று விசாரித்தால் நாலைந்து பேரைக் காட்டுவார்கள். "சமூசா சீட் பஹ்மிதா" என்று விசாரித்தால் ஒருத்தியைத்தான் காட்டுவார்கள். சமூசாவை மடிக்கிற மெல்லிய மாத்தாளுக்கு ஊரில் சீட் என்றே பெயர். கோதுமை மாவைப் பிசைந்து, கண்ணாடி போலத் தேய்த்து, ரொட்டிக்கல்லில் அரைவேக்காடாக வாட்டி, நீளப் பட்டியாக வெட்டி, பொலித்தீன் பக்கெட்டில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுப்பது அவள் தொழில். சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரைக்கும் நோன்பு காலத்தில் அவள் சீட் இல்லாத கடை குறைவு.

பஹ்மிதா எதையும் நன்றாகப் பார்க்காமல் வாங்க மாட்டாள். மா மூட்டை வந்தால் மேலே தொட்டுப் பார்ப்பதோடு விட மாட்டாள். முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்ப்பாள். மீன்காரரும் அவளைக் கண்டால் தாமாகவே செவுளைத் திறந்து காட்டிவிடுவார்கள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையை ஊரில் இப்போதும் சொல்லிச் சிரிப்பார்கள். மாப்பிள்ளை றினாஸ் சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் மேற்பார்வை பார்த்தார். வீட்டார் எல்லாம் பேசி முடித்த பிறகு, பஹ்மிதா யாருக்கும் சொல்லாமல் அந்த ஆலைக்குத் தொலைபேசி எடுத்தாள். தவிடு வாங்கக் கேட்கிற ஆள் போல, அதுவும் கொஞ்சம் எரிச்சலூட்டுகிற ஆள் போல, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டாள். மறுமுனையில் பேசிய றினாஸ் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. அதன் பிறகுதான் உம்மாவிடம் போய், "எனக்குச் சம்மதம்" என்றாள். நிக்காஹ் முடிந்து வெகுநாள் கழித்துத்தான் அந்தத் தவிட்டுக்காரி யாரென்று றினாசுக்குத் தெரிந்தது.

பொருளாதாரம் விழுந்த வருடங்களில் ஆலை பாதி நாள் மூடிக் கிடந்தது. அப்போதுதான் பஹ்மிதா வீட்டுக் குசினியில் சீட் போடத் தொடங்கினாள். பிறகு ஒரு வீட்டின் பின்பக்க அறையை வாடகைக்கு எடுத்தாள். அவளோடு நின்ற பெண்களில் மூத்தவள் றுஸ்னா. உருட்டுக் கட்டையைப் பிடித்தால் அவள் கையில் மா தானாகவே வட்டமாகும். இன்னொருத்தி பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வருகிற வினோஜா. வாய் ஓயாது, கையும் ஓயாது. ஒவ்வொரு நோன்பு முடியும்போதும் எல்லோருடைய மணிக்கட்டும் வீங்கியிருக்கும். இரவு படுத்தால் விரல்கள் மடங்காது என்பார்கள். போன பெருநாளைக்குப் பிறகு பஹ்மிதா முடிவெடுத்தாள்: அடுத்த நோன்புக்கு முன் ஒரு மிசின் வாங்குவது.

இந்த மாதிரி மிசின் நாட்டுக்குள் கிடைக்கவில்லை. கிடைத்தவையும் பெரிய பேக்கரிகளுக்கானவை. இணையத்தில் தேடியபோது சீனாவில் ஒரு கொம்பனி அகப்பட்டது. இரண்டு உருக்கு உருளைகள். ஒரு பக்கம் மாவைக் கொடுத்தால் நடுவே இழுத்து மறுபக்கம் தாள் போலத் தள்ளும். படத்தைப் பார்த்ததும் வினோஜா, "அக்கா, இதுக்கு முன்னால நான்தான் நிப்பன். வேற ஆரும் தொடப்படாது," என்று அப்போதே இடம் பிடித்துக்கொண்டாள்.

மருதமுனையில் ஒருவருக்கு நடந்தது பஹ்மிதாவின் நினைவில் இருந்தது. அவரும் இப்படித்தான் இணையத்தில் பார்த்து ஒரு மிசின் எடுப்பித்தார். பெட்டியைப் பிரித்தால் புதுப் பெயின்ற் பளபளத்தது. உள்ளே எல்லாம் தேய்ந்துபோன பழைய உருளைகள். பணம் அனுப்பிய கணக்கு வேறு யாருடைய பெயரிலோ இருந்தது, கொம்பனியின் தொலைபேசி அடிக்கவேயில்லை. பஹ்மிதா நேரே போய் அந்த மிசினைப் பார்த்துவிட்டு வந்தாள். அவர் சொன்ன ஒரு வார்த்தையை மனதில் குறித்துக்கொண்டாள்.

"வெளியப் பாத்து ஏமாந்திட்டன், புள்ள. உள்ளுக்க பாக்கோணும். மூடியத் திறந்து, ரோலர் சுத்துறத கண்ணால பாக்கோணும்."

அவள் சீனாவுக்குப் போக முடியாது. ஆனால் கைத்தொலைபேசி இருந்தது, உயர்தர வகுப்பில் படித்த ஆங்கிலம் இருந்தது, பிறவிக் குணமாகச் சந்தேகம் இருந்தது. கொம்பனியின் விற்பனைப் பகுதியில் லின் என்றொரு இளம்பெண் அவளோடு எழுதித் தொடர்புகொண்டாள். பஹ்மிதா முதலில் கொம்பனியின் பதிவுச் சான்றிதழைக் கேட்டாள். அதிலுள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றாகவே இருந்தது. முகவரியை வரைபடத்தில் போட்டு வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பெருப்பித்தாள். நீலக் கூரைகள் தெரிந்தன. வாசலைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள். வாசலுக்கு எதிரே நின்ற மரங்களின் வரிசை வரைபடத்திலும் அப்படியே நின்றது. ஒரு தாளில் தன் பெயரை எழுதி மிசினில் ஒட்டிப் படம் அனுப்பும்படி கேட்டாள். அதுவும் வந்தது. லின் ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளவில்லை.

இருந்தும் அவளுக்குப் போதவில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டு வீடியோ அழைப்பு எடுத்தால் இன்னொருவருடைய தொழிற்சாலையில் போய் நின்றுகொண்டும் காட்டலாம் என்று நினைத்தாள்.

"நேரம் கேக்காம எடுக்கப்போறன்," என்றாள் றினாசிடம். "அவங்க வேல செய்ற நேரத்துல, திடீரெண்டு. மெய்யான கொம்பனியெண்டா அப்பவும் காட்டலாம்தானே."

"தவிடு வாங்கின மாதிரியா?" என்று றினாஸ் சிரித்தார்.

அடுத்த நாள் காலை, பத்து மணித் தேநீருக்கு எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவள் அழைப்பை எடுத்தாள். பின்னால் ஒரு சர்ச்சை வந்தால் இருக்கட்டும் என்று, திரையில் தெரிவதெல்லாம் பதிவாகும்படி முதலே செய்திருந்தாள். அங்கே அது மதியச் சாப்பாட்டு நேரம் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

லின் வாயில் எதையோ மென்றபடி திரையில் வந்தாள். பஹ்மிதாவைக் கண்டு திடுக்கிட்டு, பிறகு சிரித்தாள். இப்போதே தொழிற்சாலையைப் பார்க்க வேண்டும் என்று பஹ்மிதா சொன்னாள். லின் ஒரு நொடி தயங்கினாள். "இப்பவா? சரி, சரி," என்று எழுந்து நடக்கத் தொடங்கினாள். வாசலுக்குப் போய் பெயர்ப்பலகையைக் காட்டினாள். காவல்காரர் கையசைத்தார். தெருவுக்கு அப்பால் அதே மரங்கள் நின்றன. உள்ளே வந்தாள். வெல்டிங் புகை, இரும்புச் சட்டங்கள், வரிசையாக நின்ற மிசின்கள். பஹ்மிதாவின் பின்னால் றுஸ்னாவும் வினோஜாவும் மற்றப் பெண்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"மாஷா அல்லாஹ், எவ்வளவு பெரிசு!" என்றாள் றுஸ்னா.

எல்லாம் மெய். பஹ்மிதாவுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. ஒரு பெரிய சோதனையைத் தானே வைத்து, அதில் எதிராளி வென்றதற்குத் தானே மகிழ்ந்த மாதிரி இருந்தது. மிசின் ஓடுவதைப் பார்க்க வேண்டும், மாவோடு பார்க்க வேண்டும் என்றாள்.

வழக்கமாக ஓட்டிக் காட்டுகிறவர் சாப்பிடப் போயிருந்தார். லின் சுற்றுமுற்றும் பார்த்து, சற்றுத் தள்ளிப் பெட்டிகள் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டாள். நாற்பது வயதுக்கு மேலிருக்கும். நீல நிறத் தொப்பி, கையில் நூல் கையுறை. அவள் தலையை ஆட்டி ஏதோ மறுத்தாள். அதற்குள் நரைத்த முடியோடு ஒரு மனிதர் வந்தார். அங்கே மேலாளர் அவர்தான் என்று லின் சொன்னாள். அவர் இரண்டு வார்த்தை சொன்னதும் அந்தப் பெண் வந்து மிசின் முன் நின்றாள். மாவைக் கொடுத்தாள். மறுபக்கம் வெள்ளைத் துணி போல மா இறங்கியது. பெண்கள் கைதட்டினார்கள்.

பஹ்மிதாவுக்கு மருதமுனைக்காரர் சொன்னது நினைவு வந்தது. "அந்த மூடியைத் திறந்து காட்டுங்கள். உருளைகள் சுற்றுவதை நான் பார்க்க வேண்டும்," என்றாள்.

லின் அதை மேலாளரிடம் சொன்னாள். அவர் மூடியைத் தூக்கினார். மிசின் நின்றுவிட்டது. மூடி திறந்தால் நிற்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள் என்று லின் விளக்கினாள்.

"சுற்றும்போது பார்க்க வேண்டும்," என்றாள் பஹ்மிதா. "நின்றால் எப்படித் தெரியும்?"

மேலாளர் சிரித்தார். பையிலிருந்து ஒரு துண்டு டேப்பை எடுத்து மூடியின் ஓரத்திலிருந்த பொத்தான் ஒன்றை அழுத்தி, அதன் மேல் ஒட்டினார். மூடி திறந்திருக்க, மிசின் மறுபடியும் ஓடத் தொடங்கியது. புது உருளைகள். கீறல் இல்லை, தேய்வு இல்லை. வெளிச்சம் அவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போனது.

"வழமையாகத் திறப்பதில்லை. உங்களுக்காக," என்றாள் லின்.

"வெரி குட், வெரி குட்," என்றாள் பஹ்மிதா.

மேலாளர் அந்தப் பெண்ணுக்குக் கை காட்டினார். அவள் இன்னொரு துண்டு மாவை எடுத்தாள். மூடி இல்லாததால் எவ்வளவு தூரம் கையை நீட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லைப் போல. மாவின் நுனியைப் பிடித்து உருளைகளின் வாய்வரை கொண்டுபோனாள். உருளைகள் முதலில் கையுறையின் நூலைப் பிடித்தன.

அவள் கத்தியது பிறகுதான். முதலில் அவள் முகம் ஆச்சரியப்பட்டது. யாரோ கையைப் பிடித்து இழுத்த மாதிரி தோள் முன்னால் சரிந்தது.

"யா அல்லாஹ்! கை! கைய எடுக்கச் செல்லுங்க!" என்று றுஸ்னா அலறினாள்.

பஹ்மிதா ஆங்கிலத்தை மறந்துபோனாள். "நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!" என்று தொலைபேசியைப் பார்த்துக் கத்தினாள். லின்னின் கையிலிருந்து தொலைபேசி விழுந்தது. திரையில் கூரையும் ஒரு நீள விளக்கும் மட்டுமே தெரிந்தன. ஓடுகிற மிசினின் சத்தம் நிற்கவில்லை. அதற்கு மேலே ஒரு பெண்ணின் குரல், அதற்கு மேலே பல குரல்கள், ஓடுகிற காலடிகள். ஒரு நேரத்தில் மிசின் நின்றது. யாரோ தொலைபேசியை எடுத்தார்கள். அழைப்பு துண்டிக்கப்பட்டது.

ரொட்டிக்கல்லில் கிடந்த சீட் கருகி மணத்தது. வினோஜா தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். பிறகு குந்தியிருந்து வாந்தி எடுத்தாள்.

பஹ்மிதா திரும்பத் திரும்ப அழைத்தாள். யாரும் எடுக்கவில்லை. எழுதினாள். பதில் இல்லை. பெண்களை வீட்டுக்குப் போகச் சொன்னாள். பள்ளியில் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. கை கால் கழுவி வுழூ எடுக்கப் போனவள், தண்ணீர்க் குழாயின் கீழ் தன் விரல்களைப் பார்த்தபடி வாளி நிறைந்து வழியும்வரை நின்றாள்.

றினாஸ் ஆலையிலிருந்து வந்தபோது அவள் கதவோரம் இருந்தாள்.

"என்ன பஹ்மி, காட்டினாங்களா?"

"காட்டினாங்க."

"அப்ப கொம்பனி மெய்தானே?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். மெய்தான். எல்லாம் மெய்தான். அதைத்தான் அவள் இத்தனை பாடுபட்டு நிரூபித்திருந்தாள். கையை நீட்டி, விரல்களை மடித்து, மறுகையால் நசுக்கிக் காட்டினாள். றினாசுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் தான் கேட்ட கேள்விக்காக அவர் முகம் கறுத்துப்போனது. பக்கத்தில் குந்தினார்.

"நான்தான் திறக்கச் சென்ன," என்றாள் பஹ்மிதா. "நிண்ட மிசின திருப்பி ஓட விடச் சென்னதும் நான்தான். சாப்பிடுற நேரம் எடுத்ததும் நான்தான். பழகின ஆள் அங்க இருந்திருந்தா..."

"நீ வேணுமெண்டா செஞ்ச?"

"வேணுமெண்டு செய்யல. ஆனா செஞ்சன்தானே."

அடுத்த நாள் கொம்பனியிடமிருந்து செய்தி வந்தது. லின் எழுதும் மாதிரி அதில் இல்லை. நேற்றைய இடையூறுக்கு வருந்துகிறோம், இயந்திரத்தில் எந்தக் குறையும் இல்லை, ஊழியர் ஒருவர் அனுமதியின்றி மூடியைத் திறந்ததால் சிறு காயம் ஏற்பட்டது என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே, உங்கள் பொறுமைக்காக விலையில் விசேட கழிவு தருகிறோம், எப்போது பணம் அனுப்புவீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

பஹ்மிதா அதைப் பெண்களுக்கு வாசித்துக் காட்டினாள். "அனுமதியில்லாம" என்ற இடத்தில் வினோஜா நிமிர்ந்தாள்.

"பொய். நாங்க எல்லாரும் பாத்தம்தானே அக்கா? அந்தாள்தானே டேப் ஒட்டின."

வினோஜா அதன் பிறகு மாவைத் தொடவில்லை. மெல்லிய குரலில் கேட்டாள்: "அக்கா, மிசின் இஞ்ச வந்திருந்தா, அதுக்கு முன்னால நான்தானே நிண்டிருப்பன்?"

அந்தக் கிழமை ஏழு நாளும் பஹ்மிதா சரியாகச் சாப்பிடவில்லை. மா பிசையும்போது திடீரென்று கையை வெளியே எடுத்துவிடுவாள். காயப்பட்டவள் இருக்கிறாளா இல்லையா என்பதுகூடத் தெரியாமல், பெயர் தெரியாமல், அவளுக்காக ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்டாள். "பேரில்லாம கேட்டா அல்லாஹ்வுக்கு விளங்காதா?" என்றாள் றுஸ்னா. விளங்கும்தான். ஆனாலும் பஹ்மிதாவுக்கு அந்தப் பெயர் வேண்டியிருந்தது.

தெரியாத ஒரு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது அதற்குப் பிறகுதான். படம் இல்லை, குரல் மட்டும். மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. யாரோ சீன மொழியில் கொஞ்சம் பேசினார்கள். அது நின்றதும், மொழிபெயர்க்கும் செயலியின் பெண் குரல் சுத்தத் தமிழில், எந்த உணர்ச்சியும் இல்லாமல் ஒலித்தது.

"வணக்கம். நான் லின். இது எனது சொந்த எண். தயவுசெய்து நிறுவனத்திடம் கூற வேண்டாம்."

பஹ்மிதா எழுந்து நின்றாள்.

"அவர் உயிருடன் இருக்கிறார்," என்றது அந்தக் குரல். "அவரது வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. அவர் பெயர் மூத்த சகோதரி சௌ."

செயலிக்கு அது வெறும் சொல். பஹ்மிதாவுக்கு அது, ஊரில் அக்காவைக் கூப்பிடுகிற ராத்தா என்று கேட்டது. "சௌ ராத்தா," என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அப்போதுதான் முதல் தடவையாக அழுகை வந்தது. மறுமுனையில் லின்னும் அழுவது கேட்டது. செயலி அழுகையை மொழிபெயர்க்க முயன்று, "மன்னிக்கவும், புரியவில்லை," என்றது.

பதற்றத்தில் ஆங்கிலம் வராமல், லின் தன் மொழியிலேயே விட்டுவிட்டுச் சொன்னாள். சௌ ராத்தா பெட்டி கட்டுகிறவள், மிசின் ஓட்டப் பழக்கப்பட்டவள் அல்ல. மேலாளர் இப்போது, அவள் தன்பாட்டில் மூடியைத் திறந்தாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அப்படியானால் வைத்தியச் செலவு அவளுடையது, நட்டஈடும் கிடையாது, வேலையும் போய்விடும். அந்த மூலையிலிருந்த கண்காணிப்புக் கமெரா அன்று வேலை செய்யவில்லை என்கிறார்கள். அங்கே நின்ற மற்றவர்கள் வாய் திறக்கப் பயப்படுகிறார்கள்.

"நீங்கள் வெளிநாட்டு வாங்குபவர்," என்றது செயலி. "வாங்குபவர்கள் சில நேரம் பதிவு செய்வார்கள். நீங்கள் பதிவு செய்தீர்களா?"

பஹ்மிதா அந்தப் பதிவை அதுவரை திறந்து பார்த்திருக்கவில்லை. அழிக்கவும் கை வரவில்லை. இருக்கிறது என்று சொல்லி, கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள்.

றினாஸ் வந்த பிறகு கதவைச் சாத்திவிட்டு இருவரும் அதைப் பார்த்தார்கள். கடைசிப் பகுதியில் பஹ்மிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் காதை மூட முடியவில்லை. அவளுக்கு அதிர்ச்சி தந்தது அலறல் அல்ல, அதற்கு முன்னால் கேட்ட தன் சொந்தக் குரல். "நின்றால் எப்படித் தெரியும்?" அதட்டலாக, கெட்டித்தனமாக, கடைக்காரனை மடக்குகிற மாதிரி. பிறகு, "வெரி குட், வெரி குட்." பின்னால் பெண்களின் சிரிப்பு. அவள் இப்படிப் பேசுவாள் என்று அவளுக்கே தெரியாது.

றினாஸ் தொலைபேசியை வாங்கி, டேப் ஒட்டுகிற இடத்தை மறுபடியும் ஓட விட்டுப் பார்த்தார். "அனுப்பத்தான் வேணும்," என்றார். "ஆனா இஞ்ச பாரு. உன்ட குரல் வாற இடத்த மட்டும் வெட்டிப்போட்டு அனுப்பு. அந்தாள் டேப் ஒட்டுறது அதுக்குப் பிறகும் தெளிவாத் தெரியிது. கை போன மனிசிக்கும் உதவி, நமக்கும் கரைச்சல் இல்ல. நாளைக்கு கேஸ் கீஸ் எண்டு உன்னத் தேடி வந்தா?"

அவர் சொன்னதில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. வெட்டினால் மேலாளரின் குற்றம் இன்னும் பெரிதாகத்தான் தெரியும். பஹ்மிதா தொலைபேசியை எடுத்து, எங்கே வெட்டலாம் என்று விரலால் நகர்த்திப் பார்த்தாள். சுலபமாக இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் அவளுடைய குரல் இல்லாமல் போய்விடும். அங்கே, திறக்கச் சொன்னவள் என்று ஒருத்தி இருந்ததே யாருக்கும் தெரியாது.

தொலைபேசியைக் கீழே வைத்தாள்.

"நான் கேட்டதாலதான் அந்தாள் திறந்த. அத வெட்டிப்போட்டு அனுப்பினா, அந்தக் கொம்பனி செய்றதத்தானே நானும் செய்றன்?"

"பயமில்லையா உனக்கு?"

"இரிக்கி," என்றாள். "நல்லாப் பயமிரிக்கி."

முழுவதையும் அனுப்பினாள். அதோடு, மூடியைத் திறக்கும்படியும் திறந்தபடியே ஓட்டும்படியும் கேட்டது நான், டேப்பை ஒட்டியது மேலாளர், சௌ தானாக எதையும் செய்யவில்லை, யார் கேட்டாலும் இதைச் சொல்வேன் என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே தன் முழுப் பெயரையும் கல்முனை முகவரியையும் போட்டாள். கொம்பனிக்கு, மிசின் வேண்டாம் என்று ஒற்றை வரி.

நோன்பு வந்தது. அந்த வருடமும் கையால்தான் தேய்த்தார்கள். கேட்ட அளவைக் கொடுக்க முடியவில்லை. சில கடைக்காரர்கள் வேறு ஆட்களிடம் போனார்கள். ஒருவர் வந்து, "மிசின் வாங்கப்போறீங்க எண்டு செல்லித்தானே ஓடர் எடுத்தீங்க?" என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். பஹ்மிதா விளக்கம் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கதையை முழுக்கச் சொல்ல வேண்டும்.

இருபத்தேழாம் நோன்பு கழிந்த ஒரு காலை லின்னின் செய்தி வந்தது. பதிவைச் சௌவின் தம்பி தொழில் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். கொம்பனி தன் கூற்றை மாற்றிக்கொண்டது. வைத்தியச் செலவை ஏற்றது, நட்டஈடும் கொடுத்தது. போதுமானதா என்றால் இல்லை, ஆனால் கொடுத்தது. மேலாளர் இப்போதும் அதே பதவியில், அதே கதிரையில்தான் இருக்கிறார். வேலையை விட்டது லின்தான். சௌ ஊருக்குப் போய்விட்டாள்.

கடைசியில் இன்னும் ஒரு வரி இருந்தது. பஹ்மிதா அந்த மிசினை வாங்கினாளா என்று சௌ கேட்கிறாளாம்.

அந்தக் கேள்வியை பஹ்மிதா எதிர்பார்க்கவில்லை. சாபம் வரும் என்று நினைத்திருந்தாள், அல்லது ஒன்றுமே வராது என்று. விரல் போனவளுக்கு மிசினைப் பற்றி என்ன? இல்லை, வாங்கவில்லை, எங்களால் முடியவில்லை என்று எழுதினாள். தான் கேட்டதற்காக மன்னிப்பும் கேட்டாள். அதை எழுத ஒரு காலை முழுவதும் எடுத்தது.

பின்னேரம் பதில் வந்தது. லின் சௌவின் வார்த்தைகளை அப்படியே போட்டிருந்தாள். "வாங்கியிருக்கலாம். நான் பல வருடம் அதைப் பெட்டியில் கட்டி அனுப்பியிருக்கிறேன். மூடி போட்டிருந்தால் அது நல்ல இயந்திரம்."

மன்னிப்புக்குப் பதில் ஒன்றும் இருக்கவில்லை. பஹ்மிதா கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அவ்வளவுதான் செய்தி.

அறையில் அதை வாசித்துக் காட்டினாள். றுஸ்னா கட்டையை வைத்துவிட்டு வாயில் கை வைத்தாள். "எப்பிடிகா அந்த மனிசிக்கு அப்பிடிச் செல்ல வந்திச்சி?" என்றாள். வினோஜா மட்டும், "அவ செல்றதுதான் சரி," என்றாள். கேட்டவர்கள் திகைத்தார்கள். "எனக்குக் கை நோகுது அக்கா. எல்லாருக்கும் நோகுது. மூடியோட ஒண்டு வாங்குங்க."

அடுத்த வருடம் பஹ்மிதா இன்னொரு நாட்டிலுள்ள ஒரு கொம்பனியோடு கதைத்தாள். சான்றிதழ், கணக்கு, வரைபடம், வாசல் எல்லாம் முன்போலப் பார்த்தாள். வீடியோ அழைப்புக்கு முன்கூட்டியே நேரம் கேட்டாள். பழகிய ஆள் நிற்கிறாரா என்று கேட்டாள். மிசினை ஓட்டுகிறவரின் கையில் கையுறை இருந்தது. அதைக் கழற்றினால்தான் மேற்கொண்டு பார்ப்பேன் என்றாள். விற்பனைக்காரர் உருளைகளைத் திறந்து காட்டட்டுமா என்று தாமாகவே கேட்டார்.

"நிறுத்திவிட்டு, மின்சாரத்தைக் கழற்றிவிட்டுத் திறவுங்கள்," என்றாள். பிறகு அவர் எதிர்பாராத ஒன்றைக் கேட்டாள்: மூடி திறந்திருக்கும்போது டேப் ஒட்டி ஓட்ட முடியுமா?

முடியாது என்றார். வாங்குகிற எவரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லை என்றும் சொன்னார்.

மிசின் வந்தது. வினோஜாதான் முன்னால் நிற்கிறாள். கையுறை இல்லை, வளையல் இல்லை, சட்டைக் கை முழங்கைக்கு மேல். முதல் நாள் அதை ஓட விட்டபோது பஹ்மிதா அறைக்குள் நிற்கவில்லை. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் போனாள்.

றுஸ்னா அதைத் தொடுவதேயில்லை. மூலையில் தன் பலகையைப் போட்டுக்கொண்டு, கட்டையால்தான் தேய்க்கிறாள். மிசின் அவளுடையதைப் போலப் பல மடங்கு தள்ளுகிறது. அவள் தேய்ப்பது கணக்கில் வருவதில்லை. பஹ்மிதா ஒருநாளும் அவளை மிசினுக்கு வரச் சொன்னதில்லை. சம்பளத்திலும் வித்தியாசம் வைக்கவில்லை. ஏன் என்று புதிதாக வந்த ஒரு பெண் கேட்டபோது, "அவ அண்டைக்கு அந்தக் கையப் பாத்தவ," என்று மட்டும் சொன்னாள்.